ஆறாம் செய்திக்கு டீச்சர் எழுதிய பதில்

என் பெயர் மொக்கச்சாமி. தகப்பனார் பெயர் ராக்கையா, காலஞ்சென்றவர். வயது 57. மதுரையிலிருந்து வெளிவரும் ஒரு நாளிதழுக்குப் போடிநாயக்கனூரில் பகுதிநேர நிருபராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து வருகிறேன். போடியில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். 1988 டிசம்பர் 9 வெள்ளிக்கிழமை, நடுவர் அவர்கள் முன்னிலையில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வது.

குரங்கணிக்கு மேலே உள்ள, சூடேற்றி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கந்தகப் புகையில் மாட்டிக்கொண்ட தொழிலாளி அன்னக்கொடி, வயது 34, நேற்றுக் காலை மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். இதை எனக்கு முதலில் சொன்னவர் அவருடைய கணவர் அழகுமலை. அதன் பிறகு வார்டு டாக்டரிடம் நானே நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இரண்டு நுரையீரலும் வெந்து போயிருந்ததாக டாக்டர் சொன்னார். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் சேர்த்துச் சொல்லவில்லை.

இந்த வழக்கில் கைதாகிக் கிளைச் சிறையில் இருப்பவர் சோலைமலை, வயது 29, போடி கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் மீது புகார் கொடுத்தவர் ஸ்டோர் முதலாளி காசிமாயன். கந்தகம் கொளுத்தினால் காய் வெளுக்கும் என்று சோலைமலை கேசட்டில் செய்தி அனுப்பினார் என்றும், அதில் ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றும், அதை நம்பிக் கொளுத்தியதால் விபத்து நடந்தது என்றும் புகாரில் உள்ளது. அதற்கு ஆதாரமாக என் பெயரில் வந்த பத்திரிகைச் செய்தியையும் வைத்திருக்கிறார்கள். ஆபத்தைப் பற்றிய வார்த்தை இருந்தது. அதைக் காசிமாயனே என் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தார். இதைச் சொல்ல நானே மனுப் போட்டு வந்திருக்கிறேன். போலீசில் சாட்சி சொன்னால் அதில் கையெழுத்து வாங்குவதில்லை. இதில் என் கையெழுத்து இருக்க வேண்டும் என்பதால் இங்கே வந்தேன்.

கேசட் என்பது என்ன என்று விசாரணையில் பலமுறை கேட்டார்கள் என்று அறிகிறேன். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போடியிலும் மலையிலுமாக ஐந்து பேரிடம் டிவியில் மாட்டி ஓட்டும் சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. அவர்கள் புரோகிராம் எழுதிப் பழகுகிறவர்கள். பாட்டுக் கேட்கும் சாதாரண கேசட்டில்தான் அந்த கம்ப்யூட்டர் எழுதுவதைப் பதிந்து வைக்கும். டேப் ரிக்கார்டரில் போட்டால் கீச்சென்ற சத்தம் மட்டும் வரும். கம்ப்யூட்டரில் ஏற்றினால் எழுத்தாக வரும். இரண்டு வருடங்களாகச் சோலைமலை ஒரே கேசட்டில் விஞ்ஞானச் செய்தி, கம்ப்யூட்டர் செய்திகளைத் தொகுத்துச் சுற்றுக்கு விடுகிறார். தமிழ் எழுத்து அதில் வராது என்பதால் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிப்பார்கள். ஜீப்பில் கேசட் ஒருவரிடம் போகும். அவர் வாசித்துவிட்டுத் தனக்குத் தெரிந்த செய்தி ஒன்றைச் சேர்ப்பார். மற்றவர் போட்ட செய்திக்குக் கீழே தன் பதிலையும் எழுதுவார். அதன் பிறகு அடுத்தவருக்கு அனுப்புவார். கம்ப்யூட்டர் இல்லாத என்னைப் போன்ற இரண்டு பேர் சோலைமலை கடைக்குப் போய் வாசிப்போம். நான் நாலு மாதத்துக்கு ஒரு தடவையாவது செய்தி கொடுப்பேன்.

அவர்களுக்குள் இரண்டு கட்டுப்பாடு உண்டு. செய்தி எங்கே கிடைத்தது என்பதை முதல் வரியில் போட வேண்டும். கம்ப்யூட்டரில் இடம் கொஞ்சம்தான். நிறைந்துவிட்டால் அவரவர் தன்னுடைய பழைய செய்தியை அழித்து இடம் பண்ணிக்கொள்ள வேண்டும், அடுத்தவர் எழுதியதில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது கட்டுப்பாட்டைப் பற்றித்தான் இந்த வழக்கே.

கடந்த அக்டோபரில் சுற்றுக்குப் போன கேசட்டில் ஆறாவதாக இருந்த செய்தியைப் போட்டவர் சோலைமலை. மதுரையில் ஒரு நூலகத்தில் பார்த்த வெளிநாட்டு விவசாய இதழில் எடுத்தது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார். நிறம் கெட்ட வாசனைக் காய்களைக் கந்தகப் புகையில் வைத்து வெளுக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது செய்தி. அந்த மாதம் மலையில் விடாமல் மழை பெய்து, காய் பழுப்படித்து, வாங்க ஆள் இல்லாமல் கிடந்தது. எல்லோரும் அந்தச் செய்தியைத்தான் முதலில் வாசித்தார்கள். நானும் அப்படித்தான் வாசித்தேன்.

அதற்குக் கீழே பதில் எழுதியவர் சுந்தரம்மாள். போடியில் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவர். அவரும் கடைக்கு வந்து வாசிக்கிறவர்தான். அவர் எழுதியதை நான் ஞாபகத்திலிருந்து சொல்கிறேன். கந்தகப் புகை ஈரத்தில் பட்டால் அமிலம் ஆகும், மூச்சில் போனால் நெஞ்சை வேகவைக்கும். அந்த இதழில் சொல்லியிருப்பது ஆள் நுழைய முடியாத சிறிய பெட்டி, நம் ஊர் ஸ்டோரில் இதைச் செய்யவே கூடாது. மீறிச் செய்கிறவர்கள் கதவு, ஜன்னலை எல்லாம் திறந்து ஒரு பகல் முழுக்கக் காற்றாட விட்ட பிறகே ஆளை உள்ளே விட வேண்டும். அவர் அதை அடிக்கும்போது நான் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். "நீளமாப் போகுதே டீச்சர், இடம் பத்தாது" என்று சோலைமலை சொன்னார். "இடம் பத்தலைன்னா உன் கிரிக்கெட் புரோகிராமைத் தூக்கு. மூச்சு நின்னா எந்தப் புரோகிராமும் ஓடாது" என்று டீச்சர் சொன்னார். சோலைமலை சிரித்துக்கொண்டே தன்னுடைய கிரிக்கெட் புரோகிராமை அழித்தார். இதையும் நான் பார்த்தேன்.

அதன் பிறகு தீபாவளிக்கு முந்தின வாரம், மழைச் சேதம் பற்றிச் செய்தி சேகரிக்கக் குரங்கணிக்குப் போனேன். காசிமாயனுடைய ஜீப்பில்தான் போனேன். ஓட்டியவர் சுருளி. அன்றைக்குச் சுருளி கையில்தான் கேசட்டும் மேலே போனது. காசிமாயன் என்னை ஸ்டோரை ஒட்டிய ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுச் சாயா கொடுத்தார். ஐந்து பேரில் விலை கூடிய கம்ப்யூட்டர் அவருடையதுதான். கேசட்டை ஏற்றி வாசித்துக்கொண்டே வந்தவர் ஆறாவது செய்தியில் நின்றார். செய்தியை இரண்டு முறை வாசித்தார். அதன் பிறகு டீச்சர் எழுதிய பதிலைச் சத்தம் போட்டு வாசித்தார், முழுதும் வாசித்தார்.

"டீச்சரம்மா தாளிக்கிறப்பவே தும்முற ஆளு போலண்ணே. நம்ம ஆளுக பூராம் ஸ்டோர்ப் புகையில பொறந்து வளந்தவுக" என்றார்.

எழுதியவர் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவர் என்று நான் சொன்னேன்.

"சொல்லிக் குடுக்கட்டும். ஒரு பகல் பூராம் தொறந்து போட்டா சூடெல்லாம் போயிரும்ணே. மறுபடி சூடேத்துற வெறகு உங்க பத்திரிகையிலருந்தா வரும்?" என்றார்.

அதன் பிறகு அவர் தன்னுடைய செய்தியை அடித்தார். கோயம்புத்தூரிலிருந்து தன் ஸ்டோருக்கு வாங்கிய, சூட்டைத் தானே அளந்து காட்டும் கருவியைப் பற்றியது. அதையே பத்திரிகையிலும் போடச் சொன்னார். இடம் இல்லை என்று கம்ப்யூட்டர் காட்டியது. உங்களுடைய பழைய செய்தியை அழியுங்கள் என்று நான் சொன்னேன். "எம் பேரையே நான் அழிக்கவா? கழிக்கிறதுக்கு வேற சவம் எவ்வளவோ கெடக்கு" என்றார். அப்போது கீழே சுருளி ஹாரன் அடித்தார். இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்பதால் நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் எதை அழித்தார் என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். நான் எழுந்தபோது டீச்சருடைய பதில் திரையில் இருந்தது.

தீபாவளி கழிந்து கேசட் கடைக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் சுருளி. அந்தச் சமயம் கடையில் சோலைமலை, சுந்தரம்மாள், நான், சுருளி ஆகிய நான்கு பேர் இருந்தோம். அமெரிக்காவில் ஒரு மாணவர் எழுதிவிட்ட புரோகிராம் தானாகவே பரவி ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிவிட்டது என்று சிற்றலை வானொலியில் கேட்டதைச் சோலைமலை சொல்லிக்கொண்டிருந்தார். "அம்மை மாதிரின்னு சொல்லுங்க. வேப்பிலை கட்டிப் பாத்தாகளாமா?" என்று சுருளி கேட்டார். டீச்சர்கூடச் சிரித்தார். அந்தக் கடையில் எல்லோரும் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

சோலைமலை கேசட்டை ஏற்றியதும் ஆறாவது செய்தி வந்தது. அதன் கீழே எதுவும் இல்லை. பட்டியலின் கடைசியில் சூட்டை அளக்கும் கருவி பற்றிய செய்தி காசிமாயன் பெயரோடு புதிதாக இருந்தது. அவருடைய பழைய செய்திகள் மூன்றும் அப்படியே இருந்தன.

"என் பதிலைக் காணோமே சோலை" என்று டீச்சர் கேட்டார்.

சோலைமலை முன்னும் பின்னும் தேடிப் பார்த்துவிட்டு, "அழிச்சிருக்காரு டீச்சர்" என்றார்.

"அழிக்கிறவரு சேதியையும் சேர்த்து அழிச்சிருந்தா நான் கேக்கமாட்டேன். சேதியை விட்டுட்டு எச்சரிக்கையை மட்டும் எடுத்தா, அது அறுத்துப் போட்ட கரண்டுக் கம்பி. எவன் மிதிப்பான்னு சொல்ல முடியாது" என்றார் டீச்சர். நின்றபடியே மறுபடியும் முழுவதையும் அடித்தார்.

ஆனால் சுற்றில் அந்தக் கேசட் காசிமாயனிடம் மறுபடியும் போக ஒரு மாதமாவது ஆகும். அதனால் சோலைமலை சுருளியிடம், "மாப்ளே, அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. நீ மேல போனதும் மொத சோலியா இதைச் சொல்லீரு. கந்தகம் கொளுத்துறதா இருந்தா ஸ்டோருக்குள்ள வேணாம்னு டீச்சர் சொன்னாகன்னு சொல்லு" என்றார். சுருளி சரி என்று போனார். மறுநாள் லோடு இறக்க வந்தவர் கடைக்கு வந்து பதில் சொன்னார். அப்போதும் நான் அங்கே இருந்தேன். சுருளி சொன்ன வார்த்தை இது: "சொன்னேன்ணே. கந்தகம் வாங்கி வச்சாச்சு, சும்மா பயங்காட்ட வேணாம்னு டீச்சர்கிட்டச் சொல்லுன்னாரு."

அதன் பிறகு சோலைமலை கடையை அடைத்துவிட்டு மலைக்குப் போய், முதலாளி இல்லாததால் கங்காணி அமாவாசையிடம் சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். நான் கூடப் போகவில்லை. அமாவாசையைக் கேட்டால் தெரியும். இன்றைய தேதி வரை அமாவாசையை யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 21 திங்கட்கிழமை மத்தியானம், ஸ்டோரில் ஏதோ நடந்துவிட்டது என்று குரங்கணியிலிருந்து பஸ்சில் வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு போடி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் காசிமாயனின் ஜீப்பு வந்தது. ஜீப்பில் பின்னால் ஏலக்காய் மூட்டைகள் கூரை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரை அடுக்கியிருந்தன. மூட்டைகளின் மேல் அன்னக்கொடியைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். நிமிர்ந்து படுக்க இடம் இல்லை. அழகுமலை பின்பக்கப் படியில் நின்று மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்னக்கொடி மூச்சு இழுக்கும் சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. இறக்கும்போது நான் ஒரு பக்கம் தாங்கினேன். மூட்டையிலிருந்து தீக்குச்சி உரசிய நெடி வந்தது. என் கண்ணிலும் நீர் வந்தது. அன்னக்கொடியை இறக்கியதும், ஒரு நிமிஷம்கூட நிற்காமல், சுருளி ஜீப்பைத் திருப்பிக்கொண்டு, ஏலத்துக்குக் காய் சேர்த்து வைக்கும் கிட்டங்கிப் பக்கம் போனார்.

அழகுமலை என்னிடம் அங்கேயே சொன்னது: "உள்ள போயிக் காயைக் கெளறிவிடுங்கன்னு மொதலாளி விட்டாரு அண்ணே, நாலு பொம்பளைகளை. கண்ணு எரியுதுன்னு மத்த மூணு பேரும் ஓடியாந்துட்டாக. இவ கடைசித் தட்டுக்கிட்ட நின்னா. மூட்டையை எறக்கிட்டுப் படுக்க வைங்கன்னு கால்ல விழுந்தேன். நாளைக்கு ஏலம், அதுக்கு முந்திக் காயி கெட்டங்கிக்குப் போகணும், மேலாக்கப் படுக்க வையுன்னாரு. என் பொண்டாட்டிய லோடுல சேத்து அனுப்புனாரு அண்ணே."

அன்று இரவே அன்னக்கொடியை மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் ஸ்டோருக்குப் போனேன். என்னோடு சிலமலையைச் சேர்ந்த விவசாயி பொன்னுமணி வந்தார். அவருடைய காயும் அங்கே உலர்த்தக் கிடந்தது. ஸ்டோரின் மேல் ஜன்னல்கள் எல்லாம் வெளிப்பக்கம் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தன. புகை வீணாகாமல் இருக்க முதலாளி கட்டச் சொன்னார் என்று அங்கே இருந்த ஆட்கள் சொன்னார்கள். பெயர் சொல்ல மறுத்துவிட்டார்கள். காய் பரப்பும் தட்டுகளில் கடைசித் தட்டில் மட்டும் காய் பாதி கிளறிய நிலையில் கிடந்தது. கிளறிய பக்கமும் கிளறாத பக்கமும் ஒன்றுபோல வெள்ளையாக இருந்தன. நன்றாகவே வெளுத்திருந்தது.

அன்று சாயங்காலம் இதையெல்லாம் எழுதி, டெலிபோனில் டிரங்கால் போட்டு மதுரைக்கு வாசித்துக் கொடுத்தேன். விபத்தைப் பற்றியும், கேசட்டில் வந்த செய்தியைப் பற்றியும் முதல் பாதியில் இருந்தது. டீச்சரின் எச்சரிக்கை, அதைக் காசிமாயன் வாசித்தது, அது காணாமல் போனது, சுருளி கொண்டுவந்த பதில், கட்டிய ஜன்னல், மூட்டை ஏற்றிய ஜீப்பு எல்லாம் இரண்டாம் பாதியில் இருந்தது. மறுநாள் பேப்பரில் முதல் பாதி மட்டும் வந்தது. 'கேசட் செய்தியால் விபரீதம்' என்று தலைப்பு. தலைப்பு நான் கொடுத்தது அல்ல. நான் பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எடுத்தவர் பொறுமையாகவே பதில் சொன்னார். "விளம்பரம் வந்துருச்சு சார், இடம் இல்லை. வழக்கம்போலக் கீழ இருந்து வெட்டினோம். மேலதான் மேட்டர் பூராம் இருக்கே" என்றார். விடுபட்டதைப் போடும்படி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். போடவில்லை. அந்த முதல் பாதியைக் கத்தரித்துப் புகாரோடு இணைத்திருக்கிறார்கள். அதன் கீழே என் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவன் நான்தான், ஆனால் நான் கொடுத்த முழுச் செய்தி அது அல்ல.

அந்தச் செய்தி வந்த இரண்டாம் நாள் சோலைமலை கைது செய்யப்பட்டார். அப்போது கடையில் ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் திறந்தபடி கிடந்தன. அவருக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். அன்னக்கொடி இறந்துவிட்டதால் இனி வழக்கு உயிரிழப்பு வழக்காக மாறும் என்றும், ஜாமீன் கிடைப்பது கஷ்டம் என்றும் அவருடைய வக்கீல் சொல்கிறார். எச்சரித்தவர்களில் ஒருவர் உள்ளே இருக்கிறார். எச்சரிக்கையைச் சிரித்துக்கொண்டே வாசித்தவர் புகார்தாரராக வெளியே இருக்கிறார்.

சுருளியைப் போன வாரம் போடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கடையில் நீ சொன்னதைக் கோர்ட்டில் வந்து சொல் என்று கேட்டேன். ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜீப்பு அவருதுண்ணே. எனக்கு மூணு பிள்ளைக. நீங்க சொன்னா இல்லைன்னு சொல்லமாட்டேன். என்னையக் கேட்டா ஆமான்னும் சொல்லமாட்டேன்" என்றார். நான் அவரைத் திட்டினேன். என்ன வார்த்தை சொன்னேன் என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை. அவர் சாவியைத் திருகினார். "அந்த அக்கா மூட்டை மேல கெடந்து இருமுனது இன்னும் முதுகுக்குப் பின்னால கேட்டுக்கிட்டே இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சோலைமலை எனக்கு உறவினர் அல்ல. காசிமாயனோடு எனக்குச் சொந்த விரோதம் எதுவும் கிடையாது. இந்த விபத்துக்கு முன்பு வரை அவர் ஜீப்பில்தான் மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். இப்போது விரோதம் உண்டா என்று கேட்டால், உண்டு. அதற்காக நடந்ததில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

இன்னும் தெரியவேண்டியவை: அன்னக்கொடியின் பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடுத்த வாரம் கிடைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஸ்டோரில் எடுத்த காயின் ரசாயனப் பரிசோதனை. மெட்ராசிலிருந்து வர ஒரு மாதம் ஆகலாம் என்று சொல்கிறார்கள். ஜீப்பில் இறங்கிய வெள்ளைக் காய் யாருக்கு விற்கப்பட்டது, எந்த ஊருக்குப் போனது என்பது இதுவரை எனக்குத் தெரியவில்லை, விசாரித்து வருகிறேன். கங்காணி அமாவாசையையும், புகையில் மாட்டி உயிர் தப்பிய மூன்று பெண்களையும் இன்னும் யாரும் விசாரிக்கவில்லை. எப்போது விசாரிப்பார்கள் என்று கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. சோலைமலையின் ஜாமீன் மனு வருகிற திங்கட்கிழமை, டிசம்பர் 12 அன்று விசாரணைக்கு வருகிறது.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதை இன்னாரிடம் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். அவை எல்லாம் மெய். நீளமாக இருக்கிறது, சுருக்கிக்கொள்ளலாமா என்று எழுதியவர் கேட்டார். மேலிருந்தும் கீழிருந்தும் ஒரு வரியைக்கூட எடுக்க எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லி, எல்லாப் பக்கத்தின் அடியிலும் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ரா. மொக்கச்சாமி